நரிக்கு அஞ்சி நாயை மறக்கும் கரை

புத்தளம் மாவட்டத்தில் ஓநாய் கிடையாது. இலங்கைத் தீவிலேயே கிடையாது. சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், கற்பிட்டி என்று நீண்டு, வில்பத்துவின் குதிரைமலை வரை போகும் இந்தக் கரையில் இரவில் ஊளையிடும் காட்டு விலங்கு நரி ஒன்றுதான். நாட்டில் எஞ்சியிருக்கும் காட்டு நாயினமும் அது ஒன்றுதான். ஓநாயைப் பற்றி உலகம் கட்டி வைத்திருக்கும் கதைகளில் பாதியை நாம் இந்தச் சிறிய விலங்கின் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம்: கூட்டமாக வந்து சூழும், தலைவன் சொற்படி வேட்டையாடும், ஊளையிட்டால் சாவு வரும், தந்திரத்தால் எதையும் சாதிக்கும்.

இவற்றில் பெரும்பாலானவை பிழை. நரிக்கு மட்டும் கேடென்றால் அதைக் காட்டு விலங்கு ஆர்வலர்களிடம் விட்டுவிடலாம். ஆனால் பயம் தவறான திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆபத்து மற்றத் திசையால் வீட்டுக்குள் வருகிறது. அந்த ஆபத்துக்கு ஒரு பெயர் உண்டு: விசர்நாய்க்கடி நோய்.

கேட்பதும் இருப்பதும்

வளர்ந்த நரியின் எடை பெரும்பாலும் 7 முதல் 11 கிலோ. தென்னந்தோட்டத்துக் காவல் நாய் பல வேளைகளில் அதைவிடக் கனமானது. இந்திய ஓநாய் ஏறக்குறைய 17 முதல் 25 கிலோ வரை இருக்கும். உறவு என்னவோ உண்மைதான். நாய், ஓநாய், நரி மூன்றும் ஒரே பேரினம். மூன்றுக்கும் 78 குரோமோசோம்கள். ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் நரியென்று எண்ணப்பட்ட ஒரு விலங்கை 2015இல் வந்த மரபணு ஆய்வு ஓநாய்க்கு நெருங்கிய தனி இனமென்று பிரித்தது. ஆய்வாளருக்கே கோடு கிழிப்பது எளிதாக இருந்ததில்லை.

மாலை மங்கும்போது எழும் ஊளை, கேட்பவரை ஏமாற்றும். இரண்டு மூன்று நரிகள் மாறி மாறிக் குரல் எழுப்பினாலே பத்துப் பன்னிரண்டு நிற்பது போலத் தோன்றும். அங்கே பெரும்பாலும் இருப்பது ஒரு சோடியும் அதன் குட்டிகளும்தான். ஆணும் பெண்ணும் நீண்ட காலம் சேர்ந்து வாழும். முந்தைய ஈற்றுக் குட்டிகளில் ஒன்றிரண்டு தாய் தந்தையோடு தங்கி, அடுத்த ஈற்றை வளர்க்க உதவும். ஊளை என்பது தன் குடும்பத்தைக் கூப்பிடுவதும், இது எங்கள் எல்லை என்று பக்கத்துச் சோடிக்குத் தெரிவிப்பதும்தான். யார் வீட்டில் சாவு விழப்போகிறது என்பது அதற்குத் தெரியாது.

கூட்டத்துக்கு ஒரு கொடுந்தலைவன் உண்டென்ற எண்ணத்துக்கும் இதே கதிதான். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், இத்தீவின் தாழ்நில நரிகள் தலைவன் பின்னால் கூட்டமாகச் சென்று மானையும் வீழ்த்துவதாகக் கேள்விப்பட்டு எழுதினார். ஓநாயைப் பற்றி இதே கருத்து விஞ்ஞானத்தின் உடுப்போடு வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கெல் 1947இல் எழுதிய ஆய்விலிருந்து, தலைமைக்காக ஓயாமல் சண்டையிடும் ஓநாய் பிறந்தது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட நூல் அதைப் பரப்பியது. பின்னர் காட்டில் ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்த அதே மெக், கூட்டமென்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பந்தான் என்று 1999இல் எழுதினார். தன் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பாளரைக் கேட்டார். 2022இல்தான் அது நின்றது. தொடர்பில்லாத விலங்குகளை ஒரு கூட்டுக்குள் அடைத்தால் அவை சண்டையிடும். அதைக் காட்டின் சட்டமென்று உலகம் அரை நூற்றாண்டு நம்பியது.

நரி எதைத் தின்கிறது? எலி, முயல், ஓணான், நண்டு, பூச்சி, விழுந்த பழம், செத்த விலங்கு. வில்பத்துவில் காலையில் ஜீப்பில் போகிறவர்கள் வில்லு எனப்படும் இயற்கை நீர்நிலைகளின் மணற்கரையில் அது தனியாகவோ சோடியாகவோ மோப்பம் பிடித்துத் திரிவதைக் காண்பார்கள். ஐரோப்பாவில் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அங்குள்ள நரிகள் ஆண்டுக்கு 13,000 டன்னுக்கு மேற்பட்ட விலங்குக் கழிவைத் தின்று அகற்றுவதாகக் கணக்கிட்டது. நமது கரையில் அப்படியொரு கணக்கு எடுத்தால் எண் வேறாக இருக்கும், வேலை ஒன்றுதான்.

கோழி பிடிக்காதா? பிடிக்கும். பிறந்து சில நாளான ஆட்டுக்குட்டியையும் வாய்ப்புக் கிடைத்தால் தூக்கும். அதற்கு மருந்து இரவில் அடைக்கப்பட்ட கூடு. நஞ்சு வைத்த இறைச்சி மருந்தாகாது. அதை முதலில் தின்பது ஊர் நாயாகவோ பருந்தாகவோ இருக்கலாம்.

ஓநாய் உண்மையில் செய்தது

நரியை விட்டு, பயத்தின் மூலத்துக்கே போவோம். ஓநாய் மனிதரைத் தாக்குவது எவ்வளவு உண்மை? நோர்வேயின் இயற்கை ஆய்வு நிறுவனம் 2002 முதல் 2020 வரையான நம்பத்தக்க பதிவுகளை உலகெங்கும் திரட்டி 2021இல் வெளியிட்டது. அந்த 19 ஆண்டுகளில் தாக்கப்பட்டவர்கள் 489 பேர். இறந்தவர்கள் 26 பேர். ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்த்தால் இறந்தவர்கள் இரண்டே பேர்.

இந்த அறிக்கையில் கவனிக்க வேண்டிய எண் வேறொன்று. 489 பேரில் 380 பேரைக் கடித்தவை விசர் பிடித்த ஓநாய்கள். இரையாக எண்ணித் தாக்கியது 67 பேரை. மிகுதி 42 பேர், அருகில் போய்ச் சீண்டியோ பிடிக்க முயன்றோ கடி வாங்கியவர்கள். நாலில் மூன்று பங்குக்கு மேல், பல்லுக்குப் பின்னால் இருந்தது பசியல்ல, வைரஸ்.

இதன் மறுபக்கத்தை மறைப்பதும் நேர்மையாகாது. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் பஹ்ராயிச் மாவட்டத்தின் மஹ்ஸி பகுதியில் 2024இன் மழைக்காலத்தில் ஓநாய்கள் பலரைக் கொன்றன, பெரும்பாலோர் சிறுவர்கள். கதவில்லாத வீடுகளிலும் முற்றங்களிலும் தூங்கிய குழந்தைகளே இலக்கானார்கள். வனத்துறை தனி நடவடிக்கை எடுத்து ஓநாய்களைப் பிடித்தது. ஆகவே ஓநாய் சாது என்று சொல்ல முடியாது. எங்கே, எந்த நிலையில், யாருக்கு ஆபத்து என்பதைத்தான் பார்க்க வேண்டும். பாதுகாப்பற்ற வீடு, குறைந்த இரை, மனிதருக்குப் பழகிய சில விலங்குகள் எல்லாம் ஓரிடத்தில் சேரும்போது அது நடக்கிறது. அதே இந்தியாவில் 2022இல் வந்த மதிப்பீட்டின்படி மொத்த ஓநாய்கள் 3,100 அளவே. அதே ஆண்டின் கணக்கெடுப்பில் புலிகள் 3,682. புலிக்கு நாடு முழுதும் காப்பகங்கள். அதைவிட அரிதான ஓநாய்க்குக் கிடைத்தது கெட்ட பெயர்.

வழக்கில் வென்ற கொம்பு

நரியைப் பற்றிய நம் பயத்துக்கு இணையாக ஒரு மயக்கமும் உண்டு. நரிக்கொம்பு வைத்திருப்பவர் நினைத்தது நடக்கும், வழக்கில் வெல்வார், பொருள் களவு போகாது என்பது இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பழைய நம்பிக்கை. நரிக்குக் கொம்பு முளைப்பதில்லை. சந்தையில் விற்கப்படுவது பெரும்பாலும் தோலையும் மயிரையும் எலும்புத் துண்டையும் சேர்த்து ஒட்டியது. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்தில் பொங்கலை ஒட்டி வங்கா நரியைப் பிடித்து ஊருக்குள் கொண்டுவந்து அதன் முகத்தில் விழிக்கும் வழக்கம் இருந்தது. அதற்காக வனத்துறை பலமுறை அபராதம் விதித்திருக்கிறது.

டெனன்ட் 1861இல் வெளியிட்ட இலங்கை விலங்கியல் நூலில் ஒரு வழக்கைப் பதிவு செய்திருக்கிறார். கொழும்பு உயர் நீதிமன்றத்தோடு தொடர்புள்ள ஒருவர் அவரிடம் சொன்னது. பலமுறை தோற்ற ஒரு வழக்காளி கடைசி விசாரணைக்கு முன் ஒரு நரிக்கொம்பைச் சம்பாதித்து, அதைத் தன் கூட்டாளிகளுக்குக் காட்டினார். செய்தி பரவியது. கொம்பு உள்ளவருக்கு எதிராகத் தீர்ப்பு வராது என்று நம்பிய எதிர்த்தரப்புச் சாட்சிகள் தாம் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். வழக்காளி வென்றார்.

கொம்பு வேலை செய்ததா? செய்தது, சாட்சிகளின் பயத்தின் வழியாக. நரிக்கு அதில் பங்கில்லை. பயமும் மயக்கமும் விலங்கிடம் இல்லாத ஒன்றை அதன்மேல் ஏற்றி, அதன் பலனையும் விலையையும் மனிதருக்குள்ளேயே பங்கிட்டுக்கொள்கின்றன. அன்று விலை ஒரு வழக்கு. விசர்நாய்க்கடியில் விலை உயிர்.

அதே நூலில் இன்னொரு வரி

கொம்புக் கதையை நினைவில் வைத்தவர்கள் டெனன்டின் இன்னொரு குறிப்பைக் கடந்து போய்விட்டார்கள். இலங்கை நரிக்கு விசர் நோய் வருவதுண்டு என்றும், அது கடித்து மாடுகள் சாவது அடிக்கடி நிகழ்வதென்றும் அவர் எழுதினார். நரியைப் பற்றி அவர் கேட்டு எழுதியவற்றில் இன்றும் முழுதாக நிற்பது இதுதான்.

விசர் வைரஸ் பாலூட்டிகள் எல்லாவற்றையும் பற்றும். கடித்த இடத்திலிருந்து நரம்பின் வழியே மெல்ல மூளைக்கு ஏறி, அங்கிருந்து உமிழ்நீருக்கு இறங்குகிறது. கடிபட்டபின் பொதுவாக இரண்டு மூன்று மாதங்களில் நோய் தெரியும். ஒரு வாரத்திலும் தெரியலாம், ஓராண்டு கழித்தும் தெரியலாம். முகத்திலும் கழுத்திலும் கையிலும் பட்ட கடி காலில் பட்டதைவிட ஆபத்தானது. அறிகுறி தொடங்கிவிட்டால் சாவு ஏறக்குறைய உறுதி. உலகில் அப்படிப் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

யாரிடமிருந்து வருகிறது? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் மனிதருக்கு வரும் விசர் நோயில் 99 சதவீதம் வரை நாயின் வழியாகவே வருகிறது. உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இறக்கிறார்கள்; கடிபட்டுச் சிகிச்சைக்கு வருவோரில் ஐந்தில் இருவர் 15 வயதுக்குக் குறைந்த சிறுவர்கள். இலங்கையில் 1973இல் மட்டும் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போடும் திட்டமும் அரச வைத்தியசாலைகளில் இலவசச் சிகிச்சையும் வந்தபின் எண்ணிக்கை படிப்படியாக இறங்கி, அண்மை ஆண்டுகளில் இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் நிற்கிறது. இது பெரிய சாதனை. ஆனால் அந்த இருபது முப்பது பேரில் பெரும்பாலோர் வைத்தியசாலைக்கு உரிய நேரத்தில் போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள். எண்ணிக்கை குறைந்ததால் கவனமும் குறைந்தது.

நரிக்கும் இந்த நோய் வருகிறது. விசர் பிடித்த நரி ஊருக்குள் நுழைந்து கண்ணில் பட்டவரையெல்லாம் கடிக்கும். ஆனால் அத்தகைய கடி நேர்ந்தால் யாரும் வீட்டில் இருப்பதில்லை. ஊரே சேர்ந்து வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகும். நரியின் மேல் இருக்கும் பயமே அங்கு மனிதரைக் காப்பாற்றுகிறது. வீட்டு நாய்க்குட்டி கீறினால் யாரும் பதறுவதில்லை. சாவுகள் பெரும்பாலும் அந்த அலட்சியத்தில்தான் நிகழ்கின்றன.

கரையில் பெருகுவது எது

இந்தக் கடற்கரையின் வாழ்க்கை முறையிலேயே நாய்க்கு உணவு இருக்கிறது. கரைவலை இழுத்தபின் ஒதுக்கிய மீன், கருவாட்டு வாடியின் கழிவு, இறைச்சிக் கடைப் பின்புறம், சந்தைக் குப்பை, விடுதிகளின் மிச்ச உணவு. உணவு திறந்து கிடந்தால் கட்டாக்காலி நாய் பெருகும். பிடித்து வேறு ஊரில் விட்டால் வெறுமையான இடத்துக்குப் புதிய நாய்கள் வரும், ஊசி போடப்படாதவையாக.

குப்பை என்றால் என்னவென்று புத்தளத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கொழும்பின் குப்பையை அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு எதிராக 2018, 2019இல் மாதக்கணக்கில் வீதியில் இருந்த மாவட்டம் இது. வெளியிலிருந்து வந்த குப்பைக்குக் காட்டிய அந்த எதிர்ப்பில் ஒரு பங்கை, நமது மீன் இறங்கு துறையிலும் சந்தையிலும் நாமே எறியும் குப்பைக்கும் காட்டலாம். மூடி போட்ட தொட்டி, ஒழுங்காக வரும் பிரதேச சபை வண்டி, புதைக்கப்படும் மீன் கழிவு ஆகியவை விசர் தடுப்பின் ஒரு பகுதி. பெரும்பாலோர் அப்படி எண்ணுவதில்லை.

அடுத்தது ஊசி. ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டிருந்தால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் ஏற்பாட்டில் ஊர் ஊராக ஊசி போடும் நாளில், கட்டி வளர்க்கும் நாய் மட்டும் வந்தால் போதாது. மூன்று வீட்டில் சாப்பிட்டு நான்காவது வீட்டு வாசலில் படுக்கும் நாய்க்கு உரிமையாளர் இல்லை. அதற்குச் சோறு வைக்கும் யாராவது அதைப் பிடித்துக்கொடுத்தால்தான் அதற்கும் ஊசி கிடைக்கும். சிறு குட்டிக்கும் நோய் வரும். குட்டியென்று விடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் பிழை. தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கி வரும் பிள்ளை, ஏச்சு விழுமென்று கீறலை மறைக்கும். பிள்ளையை ஏசாமல் இருப்பதும் இங்கே ஒரு மருத்துவ முன்னெச்சரிக்கை.

கடி பட்டால்

1886 மார்ச்சில் ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் பகுதியில் விசர் ஓநாய் கடித்த 19 குடியானவர்கள் ஐரோப்பாவைக் கடந்து பாரிசில் லூயி பாஸ்டரிடம் வந்து சேர்ந்தார்கள். பாஸ்டரின் ஊசி மனிதருக்குப் போடப்பட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. பலருக்கு ஆழமான காயம். வந்து சேரவே இரண்டு வாரங்கள் கடந்திருந்தன. இருந்தும் 16 பேர் பிழைத்தார்கள். புத்தளம் தள வைத்தியசாலைக்கோ சிலாபம் வைத்தியசாலைக்கோ கற்பிட்டியிலிருந்தும் உடப்பிலிருந்தும் பஸ்ஸில் போகலாம். ஊசி இன்று அன்றையதைவிடப் பன்மடங்கு சிறந்தது. அரச வைத்தியசாலையில் காசும் கேட்பதில்லை.

செய்ய வேண்டியவை இவை. கடித்த, கீறிய, புண்ணை நக்கிய இடத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். இந்த ஒன்றே வைரசின் பெரும் பங்கை அகற்றும். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, காப்பித் தூள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். அவை புண்ணைக் கெடுத்து நேரத்தையும் தின்னும். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எத்தனை ஊசி, சீரம் தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். சொன்ன நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும். வலி போய்விட்டதென்று பாதியில் நிறுத்துவது, போடாமல் இருப்பதற்குச் சமீபம்.

கடித்த நாயை உடனே அடித்துக் கொல்லக் கூடாது. கட்டியோ அடைத்தோ 14 நாள் கவனிக்க வேண்டும்; அது உயிரோடு இருப்பதே வைத்தியருக்குப் பெரிய தகவல். அதன் ஊசி அட்டை இருந்தால் எடுத்துச் செல்ல வேண்டும். ஆனால் அந்த 14 நாள் முடியட்டும் என்று வைத்தியசாலைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. விலங்கு செத்தால் புதைக்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ மிருக வைத்தியருக்கோ அறிவிக்க வேண்டும். அதன் தலையை ஐஸ் வைத்துப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிச் சோதிக்க முடியும். வெறுங்கையால் யாரும் தொடக் கூடாது.

மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தீனி விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக, குரல் மாறிக் கதறும் மாட்டின் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறதென்று எண்ணிக் கையை விடுவது வழக்கம். அது விசராக இருக்கலாம். நரியோ நாயோ கடித்தது உங்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். மிருக வைத்தியர் வரும்வரை வாயில் கை வைக்க வேண்டாம்.

நரியைக் கண்டால்? விலகிப் போகும் நரியை விட்டுவிடுங்கள். பகலில் தென்பட்டது என்பதால் மட்டும் அதற்கு நோயென்று ஆகாது. மனிதரைக் கண்டும் ஓடாமல் நேரே வருவது, தள்ளாடுவது, கண்டதைக் கடிப்பது ஆகியவையே ஆபத்தின் அடையாளம். அப்போது பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் உள்ளே எடுத்துவிட்டு, கிராம அலுவலர் அல்லது வனசீவராசிகள் அலுவலகம் வழியாக அறிவிக்க வேண்டும். குகையிலோ புதரிலோ காணும் நரிக்குட்டியை வளர்க்க எடுத்து வரக் கூடாது. விருந்தினருக்குக் காட்ட விடுதிப் பக்கம் இரை வைத்து நரியைப் பழக்கவும் கூடாது. மனிதரிடம் பயம் போன காட்டு விலங்கே ஆபத்தாகிறது என்பதைப் பஹ்ராயிச்சும் காட்டியது.

கரையோரத்து நரிகளை ஒன்று விடாமல் கொன்றாலும், ஊரில் ஊசி போடாத நாய்கள் திரியும்வரை விசர் நோய் இந்த மாவட்டத்தில் இருக்கும். நாய்களுக்கு ஊசி போட்டு முடித்தால் நரிக்கு நோய் போகும் முக்கிய வழியும் அடைபடும். நரிக்கொரு பொறி வாங்கும் செலவைவிட நாய்க்கு ஊசி போடும் அரை நாள் மலிவு. உங்கள் வீட்டு நாயின் ஊசி அட்டையில் கடைசித் தேதி ஓராண்டுக்கு முந்தியதாக இருந்தால், இந்த வாரமே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.